சம்பளத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தோட்டத்து சேர்வரைக் கிளவுடில் எழுப்பிய அனுபவம்

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணி இருக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் இருந்த எனக்கு, நான் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் (தலைமை எழுத்தர்) ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, பக்கத்துல இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கரண்ட் போய் வந்துட்டு. எல்லாம் வந்துச்சு, பெரிய கம்பியூட்டர் மட்டும் வரல. கிட்டப் போனா கருகின வாடை."

ஏப்ரலில் இந்த மலைகளில் வானம் எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பகல் சாப்பாடு முடிவதற்குள் முழக்கம் தொடங்கிவிடும். ஆபிசில் யூபிஎஸ் இருந்தது. ஆனால் மின்னல் கரண்ட் கம்பி வழியாக வரவில்லை, டெலிபோன் கம்பி வழியாக வந்தது. ரவுட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக சேர்வரின் போர்டைக் கருக்கிவிட்டது. அந்தக் கம்பிக்கு ஒரு மின்னல் காப்பான் போட வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு வரை தோன்றவில்லை.

பெரிய கம்பியூட்டர் என்று ஐயா சொல்வது ஆபிஸ் சேர்வரைத்தான், மற்றக் கணினிகள் எல்லாம் தரவு எடுக்கும் மையக் கணினி. நானூற்றுச் சொச்சம் தொழிலாளர்களின் செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவேடு), அவரவர் பேர்க் கணக்கு (ஒரு நாள் வேலை ஒரு பேர்), கொழுந்து நிறை, ஊழியர் சேமலாப நிதி, முற்பணம், கோயில் சந்தா, சங்கச் சந்தா எல்லாம் அதற்குள்தான் இருந்தன. சம்பள நாள் 10ஆம் திகதி. அதற்கு நாலு நாள் கழித்துப் புத்தாண்டு. என் அம்மா இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். புத்தாண்டுக்கு முந்திய சம்பளம் இரண்டு நாள் பிந்தினால் ஒரு லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிஸ்க்குகளைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அவை, பல டிஸ்க்குகளை ஒன்றாக்கி நடத்தும் ஒரு ரெய்டு கார்டோடு கட்டப்பட்டிருந்தன, அந்தக் கார்டும் போய்விட்டது. அதே வகைக் கார்டு புத்தாண்டுக்கு முன் கொழும்பில் கிடைக்காது என்றார்கள். ஆனால் பேக்கப் (காப்புப் பிரதி) இருந்தது. ஒவ்வொரு இரவும் 11 மணிக்கு அன்றைய மாற்றங்கள் மட்டும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் தூரத்துக் கணினிகளுக்கு, போகும்படி வைத்திருந்தோம். முதல் முழுப் பிரதி 180 ஜிபி. தோட்டத்து இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ், அதில் ஏற்றினால் இடைவிடாமல் 40 மணி நேரம். இங்கே லைன் 40 மணி நேரம் அறுபடாமல் இருக்காது. அதனால் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போய், ஃபைபர் உள்ள ஒரு நண்பரின் ஆபிசிலிருந்து ஏற்றிவிட்டு வந்தேன். அந்த ஒரு பயணத்தால்தான் இப்போது என் கையில் வெள்ளிக்கிழமை இரவுப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை எழுதிய பேரும் நிறையும் மட்டும் போயின. அவை பிரட்டுப் புத்தகத்திலும் (காலை வருகைப் பதிவு) மடுவத்து (கொழுந்து நிறுக்கும் இடம்) நிறைப் புத்தகத்திலும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன.

சரி, பேக்கப் இருக்கிறது, பிரதியைக் கிளவுடிலேயே ஓர் இயந்திரமாக எழுப்பும் ரீஸ்டோர் பட்டனை அழுத்தினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ரீஸ்டோர் திரை திறந்தபோது அதில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விடை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. ஒன்றையும் தொடாமல் அழுத்தலாம், தடுக்காது. அந்த விடைகள் நம் இயந்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல, யாருக்கோ பொதுவாக எழுதப்பட்டவை. அன்றிரவு நான் பட்ட பாடு முழுவதும் அந்தப் பெட்டிகளால் வந்தது.

முதல் பெட்டி, எந்தப் பகுதியில் இயந்திரம் எழும்ப வேண்டும் என்பது. நிரப்பியிருந்தது அமெரிக்காவின் ஒரு பகுதி. நம் பிரதி சிங்கப்பூரில் இருந்தது. வேறு பகுதியில் எழுப்பினால் 180 ஜிபியும் முதலில் அங்கே நகர வேண்டும், அதற்கு நேரமும் தனிக் கட்டணமும் ஆகும். ஆக, இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய நேரம் ரீஸ்டோர் செய்யும் இரவு அல்ல, பேக்கப்பைத் தொடங்கும் நாள். மும்பையா சிங்கப்பூரா என்று, ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அதே இணைப்பிலிருந்து பிங் போட்டு (பதில் வர எவ்வளவு நேரம் என்று) பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கொழும்பில் வேகமாக இருப்பது நோர்வூட்டிலும் வேகமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரவு ஒன்பது மணிக்கு முதல் முயற்சி. பதினொன்றுக்கு முடிந்தது. இயந்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, "ரன்னிங்" என்று எழுத்து. உள்ளே போகப் பார்த்தால் பதில் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். இருபது நிமிடம் பொறுத்தேன். அந்தப் பச்சைப் புள்ளி சொல்வது, கிளவுட் தன் பக்கத்தில் கரண்ட் கொடுத்துவிட்டது என்பதை மட்டுமே. உள்ளே விண்டோஸ் எழுந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நம் ஆபிஸ் பெட்டி என்றால் திரையைத் திருப்பிப் பார்க்கலாம். கிளவுடில் திரை இல்லை. ஆனால் பெரும்பாலான கிளவுடுகளில், இயந்திரத்தின் திரை இந்த நொடி எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக் காட்டும் வசதி உண்டு. அதை எங்கே தேட வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் போனது. படம் வந்தது. கறுப்புத் திரை, பூட் செய்ய (இயந்திரத்தைத் தொடக்க) எதுவும் இல்லை என்ற ஒரு வரி.

காரணம் இதுதான். எங்கள் சேர்வர் பழையது, விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. அது பயோஸ் என்ற பழைய தொடக்க முறையில் பூட் ஆகும் இயந்திரம், அதன் டிஸ்க்கும் அதற்கேற்ற எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. ரீஸ்டோர் திரை தானாகத் தெரிவு செய்தது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் புதிய தலைமுறை இயந்திரம். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. மைக்ரோசொஃப்டின் கிளவுடான அசூரில் முதல் தலைமுறை என்பது பயோஸ், இரண்டாம் தலைமுறை என்பது யூஇஎஃப்ஐ. மற்ற கிளவுடுகளில் பெயர் வேறாக இருக்கும், விஷயம் இதுவே. உங்கள் இயந்திரம் எது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்: ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று தட்டினால் வரும் பட்டியலில் "பயோஸ் மோட்" என்ற வரியில் லெகசி அல்லது யூஇஎஃப்ஐ என்று இருக்கும். இயந்திரம் உயிரோடு இருக்கும்போதுதான் இதைப் பார்க்க முடியும். இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள்.

பயோஸ் வகையைத் தெரிவு செய்து இரண்டாம் முறை அழுத்தினேன். இரவு ஒரு மணி. மறுபடி பச்சைப் புள்ளி, மறுபடி மௌனம். படத்தை எடுத்தேன். இந்த முறை நீலத் திரை, "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்." எனக்கு அதைப் பார்த்ததும் ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. விண்டோஸ் எழத் தொடங்கிவிட்டது, தன் டிஸ்க்கைத் தொடத்தான் முடியவில்லை. பதினொரு வருடமாக அந்த ரெய்டு கார்டோடு பேசிப் பழகிய விண்டோஸ் அது. கிளவுடின் டிஸ்க் வேறு பாஷை பேசுகிறது, அதற்கான டிரைவர் (வன்பொருளோடு பேச உதவும் மென்பொருள்) உள்ளே இல்லை. ரீஸ்டோர் திரையின் அடியில், "மேலும்" என்பதற்குள் மறைந்து, வேறு வன்பொருளுக்கு ஏற்ப மாற்று என்று ஒரு பெட்டி டிக் போடாமல் கிடந்தது. அதை டிக் செய்து மூன்றாம் முறை அழுத்தினேன். கிளவுடுக்குத் தேவையான டிரைவர்களைப் பழைய சேர்வரிலேயே முன்கூட்டி நிறுவி வைத்திருந்தால் இந்த இரண்டு மணி நேரம் மிச்சம். நிறுவி வைத்தால் பழைய இயந்திரத்துக்குப் பொதுவாகக் கெடுதி இல்லை.

மூன்றரை மணிக்கு உள்ளே நுழைந்தேன். அம்மா எழுந்து தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். திரையில் ஆபிஸ் சேர்வரின் அதே பச்சை மலைப் படம். கண் கலங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த நேரத்தில்தான் வலது மூலையில் பேக்கப் மென்பொருளின் சின்னம் சுழல்வதைக் கவனித்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தோன்றுவதில்லை. ரீஸ்டோரில் எழும் இயந்திரத்துக்குத் தான் ஒரு பிரதி என்பது தெரியாது. அது தூங்கி எழுந்ததாக நினைக்கிறது. விட்டுப்போன வேலைகளை உடனே செய்யும்படி வைத்திருந்தால் எழுந்ததும் அவற்றைச் செய்யும். எங்கள் சேர்வர் எழுந்ததும் சனி இரவு 11 மணி பேக்கப் விட்டுப்போனதைக் கண்டு, நான் எந்தப் பிரதியிலிருந்து அதை எழுப்பினேனோ அதே சங்கிலியில், அதே பெயரில், தன் அரைகுறை நிலையை எழுதத் தொடங்கிவிட்டது. பதினான்கு பிரதிகள் மட்டும் வைத்திரு என்று அமைத்திருந்தோம். புதியது ஒன்று ஏறினால் பழையது ஒன்று அழியும். நான் நிறுத்துவதற்குள் ஒன்று ஏறிவிட்டது, இரண்டு வாரத்துக்கு முந்திய பிரதி ஒன்று போய்விட்டது. அந்தப் பிரதி தேவைப்படவில்லை. ஆனால் நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தால், அடுத்தடுத்த இரவுகளில் நல்ல பிரதிகள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும்.

அதே போல, காலை ஆறு மணிக்கு முந்திய நாள் கொழுந்து நிறையைத் தலைமை ஆபிசுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வேலையும் அதற்குள் இருந்தது. அதையும் நிறுத்தினேன். இப்போது நான் செய்வது இப்படி: ரீஸ்டோருக்கு முன்பே கிளவுடின் பாதுகாப்பு விதியில் இயந்திரத்திலிருந்து வெளியே போகும் வழியை முழுவதும் மூடிவிடுவேன். உள்ளே வரும் வழி என் ஒருவனுக்கு மட்டும். எழுந்ததும் பேக்கப் சேவையை நிறுத்துவேன், நேரப்படி ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பேக்கப்பைப் புதிய பெயரில் பதிந்த பின்னரே வெளிவழி திறக்கும்.

நேரம். கிளவுட் இயந்திரத்தின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். வெளிவழி மூடியிருந்தால் இணையத்தில் சரிபார்த்துத் திருத்தவும் முடியாது. ஞாயிறு அதிகாலை நாலு மணிக்கு நான் சேமித்த ஒரு சோதனைக் கோப்பு சனிக்கிழமைத் திகதியில் விழுந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன், ஐந்தரை மணி நேரம் பின்னால். மாதத்தின் முதல் நாள் அதிகாலையில் இப்படி நடந்தால் பேர் முந்திய மாதத்துக்குப் போய்விடும். விண்டோஸ் நேர வலயப் பட்டியலில் கொழும்பு என்று தேடாதீர்கள், நமக்கானது ஸ்ரீ ஜெயவர்தனபுர என்ற பெயரில் இருக்கிறது.

அப்புறம் டி டிரைவ். சம்பள மென்பொருளின் தரவுகள் முழுவதும் டி-யில் இருந்தன. மென்பொருளைத் திறந்தால் தரவுத்தளம் இல்லை என்றது. நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. டிஸ்க் மெனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தால் எங்கள் இரண்டாவது டிஸ்க் ஆஃப்லைன் என்று கிடந்தது, டி என்ற எழுத்தைக் கிளவுட் இயந்திரத்தோடு இலவசமாக வரும் தற்காலிக டிஸ்க் பிடித்திருந்தது. அந்தத் தற்காலிக டிஸ்க்கில் எழுதியது எதுவும் இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினால் நிலைக்கும் என்று நம்ப முடியாது. நல்லவேளை மென்பொருள் தரவு இல்லை என்று நின்றது. புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை அங்கே உண்டாக்கி, கிளாக்கர்மார் அதில் இரண்டு நாள் பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தற்காலிக டிஸ்க்குக்கு டி அல்லாத வேறு எழுத்தைக் கொடுத்து, நம் டிஸ்க்கை ஆன்லைன் ஆக்கி, அதற்கு டி-யைக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. தற்காலிக டிஸ்க் இல்லாத வகை இயந்திரங்களும் உண்டு, தெரிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். ஆபிசில் உள்ள மூன்று கணினிகளிலும் சம்பள மென்பொருள் 192.168.1.10 என்ற முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தது, பழைய சேர்வரின் முகவரி. கிளவுட் இயந்திரத்துக்கு வேறு முகவரி. கிளவுடிலும் அதே 192.168.1 வலையை அமைத்து அதே 10-ஐக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நல்லவேளை செய்யவில்லை. பிறகு ஆபிசையும் கிளவுடையும் விபிஎன் (இணையத்துக்குள் ஒரு பூட்டிய தனிவழி) மூலம் இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்கள் இருந்தால், எந்தப் பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரவுட்டருக்குத் தெரியாமல் போகும். கிளவுடுக்கு வேறு எண் வலையைக் கொடுத்து, மூன்று கணினிகளிலும் எண்ணை நீக்கி ஒரு பெயரை எழுதினேன். இனி இயந்திரம் எங்கே போனாலும் அந்தப் பெயரின் முகவரியை ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

ஆபிசிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறக்கும்போது ஒரு தவறு செய்தேன். தூரத்திலிருந்து திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (நுழைவாயிலை) எங்கிருந்தும் வரலாம் என்று வைத்தேன், அவசரத்தில், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று. அரை மணி நேரம் கழித்து ஈவென்ட் லாக்கை (நிகழ்வுப் பதிவை) திறந்தால் 4625 என்ற எண்ணோடு தோல்வியடைந்த நுழைவு முயற்சிகள் வரிசையாக, யாரென்றே தெரியாத பெயர்களில். உள்ளே நானூறு பேரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவர்கள் நம்பித் தந்த விபரம் அது. உடனே மூடினேன். ஆபிசின் முகவரிக்கு மட்டும் திறக்கலாம் என்றால், இங்கே கரண்ட் போய் வந்து ரவுட்டர் எழும் ஒவ்வொரு முறையும் முகவரி மாறிவிடும். கடைசியில் விபிஎன் ஒன்றுதான் சரியான வழி. அதை அவசர நாளில் அமைக்காமல் முன்பே அமைத்து வைப்பது எவ்வளவோ மேல்.

சம்பள மென்பொருளின் உரிமம் ஒரு யூஎஸ்பி டொங்கிளில் (கணினியில் செருகும் சாவியில்) இருந்தது. கிளவுடில் அதை எங்கே செருகுவது? மென்பொருள் செய்தவர்கள் திங்கள் காலை இயந்திரத்தின் மேக் முகவரியோடு (நெட்வொர்க் இணைப்பின் அடையாள எண்ணோடு) கட்டிய தற்காலிக உரிமம் ஒன்று தந்தார்கள். இயந்திரத்தை அழித்து மறுபடி உருவாக்கினால் மேக் முகவரி மாறும், ஆகவே அதன் நெட்வொர்க் இன்டர்ஃபேஸை அழிக்காமல் வைத்திருந்தேன்.

திங்கள் மாலை சம்பளக் கணக்கை ஓட்டினோம். நாற்பது பேர் வரை வேகமாகப் போய் அப்புறம் ஊர்ந்தது. மலிவு என்று நான் தெரிவு செய்த வகை, சும்மா இருக்கும்போது வேகத்துக்கான கிரெடிட் சேர்த்து, வேலை வரும்போது அதைச் செலவழிக்கும் வகை. கிரெடிட் தீர்ந்ததும் படுத்துவிட்டது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டிஸ்க்கின் சேமித்த படியிலிருந்து) உருவான டிஸ்க் ஒவ்வொரு பகுதியையும் முதல் தடவை தொடும்போது மெதுவாகத்தான் கொண்டுவரும் என்பதும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தை நிறுத்தி, பெரிய வகைக்கு மாற்றித் தொடங்கினேன். தொடங்கியதும் அதன் பொது முகவரி மாறிவிட்டது, ஏனென்றால் அதை நிலையாக ஒதுக்கி வைக்கவில்லை. மறுபடி அரை மணி நேரம். ஒதுக்கிய முகவரிக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு, கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் என்றதும் ஒன்று: அசூரில் விண்டோஸுக்குள்ளிருந்து ஷட்டவுன் செய்தால் மட்டும் கட்டணம் நிற்காது, கிளவுட் பக்கத்தில் டிஅலொகேட் செய்ய (ஒதுக்கீட்டை விடுவிக்க) வேண்டும். டிஸ்க்குக்கான காசு அப்போதும் ஓடும்.

கணக்கு முடிந்ததும் ஐயா நேரே அச்சுக்குக் கொடுக்கவில்லை. செக்ரோல் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, பென்சிலால் பத்துப் பேருக்குக் கையால் போட்டுப் பார்த்தார். ஒருவருக்கு 22 பேர் (22 நாள் வேலை), நாளுக்கு 1,350 ரூபா, 29,700. அதில் சேமலாப நிதி 8 வீதம், 2,376. சங்கச் சந்தா, கோயில் சந்தா, முற்பணம். ஒவ்வொரு சம்பளத் துண்டையும் விரல் வைத்துப் பார்த்து, சரி வந்தவுடன் ஒரு புள்ளி போட்டார். பிறகு மார்ச் மாதம் அச்சிட்டுக் கொடுத்த பழைய துண்டுகளை எடுத்து, கிளவுட் சேர்வரில் அந்தத் துண்டுகளுக்குரிய மாதத்தை மறுபடி ஓட்டச் சொல்லி ஒப்பிட்டார். இயந்திரம் எழுந்துவிட்டது என்று நான் ஞாயிறு அதிகாலையே சொல்லிவிட்டேன். உண்மையில் அது எழுந்தது அந்தப் பத்தாவது புள்ளியில்தான். வியாழக்கிழமை, 10ஆம் திகதி, சம்பளம் நடந்தது.

ஏப்ரல் கடைசியில் ரெய்டு கார்டும் போர்டும் கிடைத்துப் பழைய சேர்வர் திரும்பி வந்தது. நல்ல எண்ணத்தில் யாரோ அதைப் பழைய இடத்தில் வைத்து, கேபிளைச் செருகி, ஓட விட்டுவிட்டார்கள். அதற்கும் அதே பெயர். ஆபிஸ் வலைக்குள் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருந்த பழைய பெட்டி முந்திக்கொண்டு பதில் சொன்னது. இரண்டு கணினிகளில் பதிந்த இரண்டு நாள் கொழுந்து நிறை பழைய பெட்டிக்குள் போனது, மூன்றாவது கணினியில் பதிந்தது கிளவுடுக்குப் போனது. மடுவத்துப் புத்தகத்தின் கூட்டுத்தொகை இரண்டிலும் ஒத்துவராததால்தான் தெரிந்தது. இரண்டு தரவுத்தளத்தையும் ஒன்றாக இணைக்கும் மந்திரம் எதுவும் இல்லை. புத்தகத்தைப் பார்த்து இரண்டு நாளையும் மறுபடி கிளவுடில் பதிந்தோம், பழையதை அணைத்தோம்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த அவசரமும் இல்லாமல், பிரதியை இன்னொரு தனி வலையில் எழுப்பிப் பார்த்தோம். ஆபிஸ் அலமாரிக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பகுதி, பூட் வகை, வன்பொருள் மாற்று டிக், டிரைவ் எழுத்துகள், நேர வலயம், இயந்திர வகை, வெளிவழி மூடல், நிறுத்த வேண்டிய வேலைகள், உரிமத்துக்கு யாரைக் கூப்பிடுவது, பிரதியின் கடவுச்சொல் எந்த உறைக்குள் இருக்கிறது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் தட்டினேன். முதல் தடவையிலேயே எழுந்தது. முடிந்ததும் அவர் பேனாவை எடுத்து, தாளின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "பழைய பெட்டிக்குக் கேபிள் செருகக் கூடாது."